யார் பெயரால் இந்தப் பரிசு?

பொறியியல் பயிலும் மாணவருக்குப் பரிசில் வழங்குவதும், அப்பரிசிலுக்கு உருக்குக் கட்டுமானத் துறையின் முன்னோடி ஒருவரது பெயரைச் சூட்டுவதும் உலகின் பல நாடுகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். நல்ல வழக்கந்தான். அரியணையில் இருந்தவனை மட்டுமே நினைவுகூர்ந்த பழங்காலத்தினின்றும், பாலம் சமைத்தவனையும் நினைவுகூரும் காலத்துக்கு வந்திருக்கிறோம் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், ஒரு பரிசுக்குப் பெயர் சூட்டும்பொழுது நாம் ஒரு வரலாற்றை ஏற்றுக்கொள்கிறோம். பிறிதொரு வரலாற்றைப் புறத்தே தள்ளிவிடுகிறோம். ஏற்கப்படுவது எவருடைய வரலாறு, தள்ளப்படுவது எவருடையது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசறையிலிருந்து எழுதும் எமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தேயிலைத் தொழிற்சாலையின் இரும்புத் தூண்களையும், லயத்துக் கூரையின் துருவேறிய தகரங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள். இரும்பு அவர்களுக்குப் புதியதன்று. ஆனால், அவ்விரும்பின் இயல்பை ஆராயும் கல்விக்கும் அவர்களுக்கும் இடையே நமுனுகுல மலையினும் உயர்ந்ததொரு சுவர் நிற்கின்றது. அச்சுவரைப் பற்றிப் பேசாமல் பரிசைப் பற்றிப் பேசுவது எமக்கு இயலாத காரியம்.

தமிழ் படிப்பிப்போருக்கு உருக்கோடு என்ன உறவு என்று சிலர் நகைக்கக்கூடும். உறவு உண்டு. எஃகு என்னும் சொல் சங்கச் செய்யுட்களிலேயே பயின்று வருவது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் நடைபெற்ற அகழ்வாய்வு, அங்கே இரும்பும் எஃகும் ஆக்கப்பட்டமைக்குச் சான்று தந்தது. சொல்லை வழங்கிய சமூகம் பொருளையும் ஆக்கியிருந்தது. சொல்லைக் கற்பிக்கும் நாம், பொருளை ஆக்கியவன் யாரென்று கேளாதிருத்தல் எவ்வாறு தகும்?

முன்னோடிகளிலிருந்தே தொடங்குவோம். 1879இல் சுவிற்சர்லாந்தில் பிறந்து, சூரிச்சில் பொறியியல் கற்று, நியூயோர்க் நகரின் பெரும் உருக்குப் பாலங்களை அமைத்தவர் ஒத்மார் அம்மான். ஜோர்ஜ் வாஷிங்ரன் தொங்குபாலமும் பயோன் வளைவுப் பாலமும் 1931இல் திறக்கப்பட்டன. வெரசானோ நரோஸ் பாலம் 1964இல் திறக்கப்பட்டது. 1963இல் அவர் வழங்கிய நிதியைக்கொண்டு, அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் அவர் பெயரால் கட்டமைப்பியல் ஆய்வுக்கு உதவித்தொகை ஏற்படுத்தியது. இதன் இயல்பு கவனிக்கத்தக்கது. ஓடி முடித்தவனின் கழுத்தில் இடும் மாலையாக அவர் இதனை அமைக்கவில்லை. புறப்படுபவனின் கையில் கொடுக்கும் கட்டுச்சோறாக அமைத்தார். புதிய அறிவைத் தேடுவோருக்கு அது செலவுப் பணம்.

அவருக்கு முன்னர், உருக்கு மலிவடையாத வார்ப்பிரும்புக் காலத்தில் வாழ்ந்தவர் தோமஸ் ரெல்போட். ஸ்கொத்லாந்தின் இடையர் ஒருவரின் மகன். தந்தையைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். கற்றச்சரிடம் தொழில் பயின்றவர். 1834இல் அவர் இறந்தபோது, ஆண்டுதோறும் பரிசு வழங்குமாறு 2,000 பவுணைப் பிரித்தானியக் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்துக்கு விட்டுச் சென்றார். அவர் பெயரிலான பதக்கம் இன்றும் அந்நிறுவனத்தின் உயர்ந்த விருதுகளுள் ஒன்று.

இரும்பின் இடத்தை உருக்குப் பற்றிக்கொண்ட காலத்தின் பெருங் கட்டுநரோ வில்லியம் அரோல். 1839இல் பிறந்த அவர் 9 வயதில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். 13 வயதளவில் கொல்லுலையில் அமர்ந்தார். இயந்திரவியலையும் நீரியக்கவியலையும் இரவுப் பாடசாலையிலே கற்றார். போர்த் பாலமும் இலண்டன் கோபுரப் பாலமும் அவருடைய தொழிலகத்தின் கைவண்ணம். 2015இல் ஸ்கொத்லாந்து வங்கியொன்று தனது 5 பவுண் தாளில் அவருருவைப் பொறித்தது.

இவ்வரலாறுகளை அடுக்கிக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இடையர் மகனையும் ஆலைச் சிறுவனையும் உயர்த்தியவை பரிசுகள் அல்ல. ஒருவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு பட்டறை இருந்தது. மற்றவனுக்குக் கணக்குக் கற்றுக்கொடுக்க ஓர் இரவுப் பாடசாலை இருந்தது. அவை இருந்தமையால் அவர்கள் முன்னோடிகளாயினர். முன்னோடிகளானபின் பரிசுகள் தோன்றின. இவ்வொழுங்கைத் தலைகீழாகப் புரட்டி, பரிசை நிறுவினால் முன்னோடிகள் தாமே முளைப்பர் என்று நம்புவது, கலசத்தை வைத்துவிட்டுக் கோபுரம் எழும் என்று காத்திருப்பதையே ஒக்கும்.

இன்னொரு வினாவும் எழுகின்றது. அரோலின் பாலம் அரோல் கட்டிய பாலந்தானா?

1882இல் தொடங்கி 1890இல் முடிந்த போர்த் பாலம் ஐம்பதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட உருக்கைத் தாங்கி நிற்பது. 65 இலட்சம் தறையாணிகள் அதில் அறையப்பட்டன. ஒரு தறையாணி எவ்வாறு அறையப்படுகின்றது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவன் அதனை உலையிலிட்டுச் செந்தழலாக்குகிறான். மற்றொருவன், பெரும்பாலும் சிறுவன், அதனை வாங்கித் துளையில் இடுகிறான். இன்னொருவன் பின்புறத்தே தாங்கிப் பிடிக்கிறான். முன்புறத்தே நிற்பவர்கள் அது ஆறுமுன் அறைந்து முடிக்கின்றனர். ஓர் ஆணிக்கே ஒரு குழு வேண்டும். அக்குழுவில் ஒரு கை பிசகினாலும் ஆணி தளரும். ஆணி தளர்ந்தால் பாலம் தளரும். கல்கத்தாவில் 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின் 26,500 தொன் உருக்கும் இவ்வாறே, திருகாணி எதுவுமின்றித் தறையாணிகளாலேயே பிணைக்கப்பட்டது.

போர்த் பாலம் திறக்கப்பட்ட ஆண்டில் அரோலுக்கும் பொறியியலாளர் பௌலருக்கும் பேக்கருக்கும் பட்டங்கள் வழங்கப்பட்டன. அப்பாலத்தில் மாண்ட தொழிலாளர் 57 பேர் என்பதே நெடுங்காலம் வழங்கிவந்த கணக்கு. நூறாண்டுகளுக்கும் மேலாயினபின், அவ்வூர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய பதிவுகளைத் துருவி, 73 பேர் மாண்டனர் என்று கண்டறிந்தனர். உருக்கு எத்தனை தொன் என்று அன்றே தெரிந்திருந்தது. ஆணி எத்தனை என்று தெரிந்திருந்தது. மாண்ட மனிதர் எத்தனை பேர் என்று அறிய மட்டும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது! அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது 2012இல்.

இது மேல்நாட்டுச் செய்தியாயிற்றே என்று ஒதுக்கிவிட வேண்டாம். எமது மலைகளிலும் இக்கதையே நடந்தது.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தை அறியாதார் இலர். 1921இல் நிறைவெய்திய அப்பாலம் ஏறத்தாழ 91 மீற்றர் நீளமானது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உருக்கெல்லாம் போர்த் தேவைக்குப் போய்விட்டது என்றும், உருக்கே இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் பாலம் கட்டப்பட்டது என்றும், அதனைக் கட்டி முடித்தவர் பி.கே. அப்புஹாமி என்னும் உள்ளூர்க் கட்டுநர் என்றும் மக்கள் கதை சொல்லும். ஏட்டுச் சான்றோ வேறொன்றைச் சொல்லும். இலங்கைப் புகையிரதக் கட்டுமானப் பகுதியைச் சேர்ந்த ஹரோல்ட் கத்பேர்ட் மார்வூட் என்னும் ஆங்கிலேயர், இலங்கையில் கொங்கிறீற்றுப் புகையிரதப் பாலம் கட்டிய முறை பற்றி 1923இல் இலங்கைப் பொறியியற் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையே அச்சான்று.

ஆங்கிலேயரா, உள்ளூரவரா என்ற வழக்கு இன்றும் சுவையாக நடைபெறுகின்றது. எமக்கு அவ்வழக்கில் அக்கறை இல்லை. இருவருக்கும் உரிய பெருமை அவரவரைச் சாரட்டும். ஆனால், இரண்டு பெயர்களால் ஒன்பது வளைவுகள் எழுவதில்லை. பாறையைப் பிளந்தவன், கல்லைச் சுமந்தவள், சாந்து குழைத்தவன், சாரத்தில் ஏறியவன் ஆகியோர் அவ்வழக்கில் சாட்சிகளாகக்கூட அழைக்கப்படவில்லை. 1894இல் பண்டாரவளைக்கு வந்த புகையிரதம் பதுளையை அடைய 1924 ஆயிற்று. அந்த முப்பதாண்டு உழைப்பில் மக்கள் நாவில் எஞ்சியவை ஓரிரு பெயர்களே. தேயிலைப் பெட்டிகள் துறைமுகம் போய்ச் சேர்ந்தன; பாதை போட்டவர்கள் பெயரற்றுப் போயினர்.

இன்னும் பின்னே செல்வோமாயின், முன்னோடி என்னும் சொல்லே நம்மை நோக்கி நகைக்கக் காண்போம். ஊவா மலைகளுக்குத் தென்மேற்கே, பலாங்கொடைக்கு அண்மையில் உள்ளது சமனலவெவ. அங்கே மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழம் உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெப் கண்டறிந்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை இயங்கின. அவற்றைப் போன்ற உலையை 1994இல் மீண்டும் கட்டி, காற்றடிக்கும் பருவத்தில் எரித்துக் காட்டியபோது, மிகுந்த கரிச்சத்துள்ள உருக்கு அதில் விளைந்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் இதனை வெளியிட்டபொழுது உலகம் வியந்தது. பெசமரின் உலைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, காற்றின் திசையறிந்து உலையின் வாயைத் திருப்பி வைத்த அம்மனிதர் உருக்கின் முன்னோடிகள் அல்லரா? அவர்கள் பெயரால் எந்தப் பரிசு வழங்கப்படுகின்றது?

சாதி பேதமும் இனப் பெருமையும் பேசுவோர் இவ்வுலைகளைத் தமது கொடியின் கீழ்க் கொண்டுவர முனையக்கூடும். அது எமது வழியன்று. உலையருகே வியர்த்தவன் எந்த மொழி பேசினான் என்பதைவிட, அவன் வியர்வை எவருடைய களஞ்சியத்தை நிரப்பிற்று என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இனி அந்தச் சுவருக்கு வருவோம்.

1945இல் இலவசக் கல்வி இந்நாட்டில் மலர்ந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளை பல்கலைக்கழகம் சென்றான். 1950இல் பொறியியற் பீடம் தோன்றியது; 1964இல் அது பேராதனையில் குடிபுகுந்தது. ஆனால் தோட்டத்துப் பாடசாலைகள் அப்பேரலை தொடாத திட்டுகளாகத் துரைமார் நிருவாகத்தின் கீழ்க் கிடந்தன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் அவர்கள். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். நாடு ஒரு தலைமுறை ஓடியபின், ஓட்டக்களத்தின் வாயில் எமது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

வாயில் திறந்தபின் நேர்ந்தது யாது? உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகளைக் கல்வி அமைச்சு 1ஏபி என வகைப்படுத்துகின்றது. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுள் மிகப் பல இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சிறந்து தேறிய லயத்துப் பிள்ளை, இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்க வேண்டுமாயின் நகரத்துக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும்; அல்லது நாள்தோறும் பஸ் கட்டணம் கொடுக்க வேண்டும்; அதற்குமேல் தனியார் வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டும். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதே 2021இல்தான். இந்நிலையில் அப்பிள்ளை என்ன செய்வாள்? கலைப் பிரிவில் சேர்கிறாள். தமிழும் வரலாறும் கற்க எம்மிடம் வருகிறாள். விரும்பி வருபவளை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். வேறு கதவெல்லாம் அடைக்கப்பட்டமையால் வருபவளைக் காணும்போது, எமது பாடத்தின்மீது எமக்குள்ள பற்றே எம்மை வருத்துகின்றது.

ஆசிரியர் நிலை என்ன? 2015ஆம் ஆண்டையொட்டி, பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா! அத்தொகையைப் பெற்றுக்கொண்டு மலையேறி வந்து கற்பித்த அவ்விளைஞர்களை நாம் வணங்குகிறோம். அத்தொகையைப் போதுமென்று கருதியவர்களை என்னென்பது?

மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பர் சிலர். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றது. மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஏற்பாடு நல்லதே, அதனை ஒழிக்க முற்படுவோரை நாமும் எதிர்ப்போம். ஆனால் பதுளை மாவட்டம் ஒரே சமதரையா? ஆய்வுகூடமும் நூலகமும் படைத்த நகரப் பாடசாலையும், பௌதிக ஆசிரியரையே காணாத மலைப் பாடசாலையும் ஒரே கோட்டாவுக்குள் மோதவிடப்படுகின்றன. மாவட்டத்தின் வறுமையைக் காட்டிப் பெற்ற இடங்கள், அவ்வறுமையைச் சுமப்பவனுக்கே போய்ச் சேருகின்றனவா என்று எவரேனும் கேட்டதுண்டா?

திறமை உள்ளவன் எங்கிருந்தாலும் மேலே வருவான் என்பது மற்றொரு சாராரின் வாதம். ஆண்டுக்கொரு முறை, பெறுபேறுகள் வெளியானதும், குப்பி விளக்கில் படித்து வென்ற ஒரு பிள்ளையின் படத்தைச் செய்தித்தாளில் காட்டி இவ்வாதத்துக்குச் சான்று தேடுவர். அப்பிள்ளையை நாமும் போற்றுகிறோம். ஆனால் அச்சான்று எதனைக் காட்டுகின்றது? ஒருவன் சுவரைத் தாண்டினான் என்றால் சுவர் இருக்கிறது என்றே பொருள். சிக்காகோவில் 1969இல் எழுந்த ஜோன் ஹன்கொக் கட்டடத்தையும், 1974இல் நிறைவெய்திய சியேர்ஸ் கோபுரத்தையும், குறைந்த உருக்கைக்கொண்டு மிக்க உயரம் காணும் முறையால் எழுப்பிய பஸ்லூர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். அவருக்கும் திறமை இருந்தது. அத்திறமைக்குக் கல்கத்தாவை அடுத்த சிப்பூரிலும் டாக்காவிலும் பொறியியற் கல்லூரிகள் இருந்தன. கடல் கடந்து கற்க உதவித்தொகை இருந்தது. அவற்றை எடுத்துவிட்டால், உலகம் அவர் பெயரை அறிந்திருக்குமா?

இவை யாவும் தொழில் பற்றிய வாதங்கள் எனின், உயிர் பற்றிய வாதம் ஒன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் வண்டி எமது பசறையின் 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்கு உயிர்களுக்குக் குறையாமல் பலியாயின. மலையினின்று உருண்டு வந்த பாறை அவ்விடத்தில் பாதையை ஒடுக்கிக் கிடந்தமை அன்று நாடெங்கும் பேசப்பட்டது. தாங்கு சுவர், வடிகால், பாதை விளிம்பில் உருக்குத் தடுப்பு, ஓடையைக் கடக்க ஒரு நடைபாலம், காற்றில் பறக்காத ஒரு கூரை என்னும் இவையே ஊவாவின் பொறியியற் பிரச்சினைகள். இவற்றைத் தீர்ப்பதற்கு, இம்மலையின் மண்ணையும் மழையையும் பிறந்த நாள் முதல் அறிந்த பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்?

ஆகவே பரிசு நிறுவுவோருக்கு எமது வேண்டுகோள் இது. முன்னோடியின் பெயர் அவசியமாயின் சூட்டுங்கள். அரோலின் பெயராயினும் தடையில்லை. ஆனால் அரோல் கற்ற இரவுப் பாடசாலையை முதலில் கட்டுங்கள். பதக்கத்துக்குச் செலவிடும் பணத்தில், பசறைக்கோ லுணுகலைக்கோ மடுல்சீமைக்கோ தமிழ்மொழி மூலம் பௌதிகமும் இணைந்த கணிதமும் கற்பிக்க வல்ல ஓர் ஆசிரியருக்கு உரிய ஊதியமும் உறைவிடமும் கிடைக்கச் செய்யுங்கள். பரிசைத் தனியொருவனுக்கு அளியாது, ஓர் ஆணியை அறையும் குழுவைப்போல் கூடிச் செய்யும் மாணவர் குழுவுக்கு அளியுங்கள். தூரத்துக் கோபுரத்தைப் பற்றி வினாவாது, தோட்டத்து ஓடைக்கு நடைபாலம் அமைப்பது எவ்வாறு என்று வினாவுங்கள். வென்ற திட்டத்தைக் கட்டியும் காட்டுங்கள். பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்பது வளைவுகளைச் சுமந்த பெயரற்றோர் நினைவாக என்று எழுதினாலே போதும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். பரிசளிப்போர் மனமிரங்கும் வரையில் நாம் வாளாவிருக்க முடியாது. பாடசாலை முடிந்தபின் ஒரு மணி நேரம் கணித வகுப்பு நடத்த முன்வரும் பட்டதாரிகளையும் பல்கலைக்கழக மாணவரையும் நாம் ஒன்றுதிரட்டலாம். பொறியியற் பீடத்தில் நுழையும் தமிழ்ப் பிள்ளை முதலில் தடுமாறுவது ஆங்கிலத்திலும் கலைச்சொற்களிலும். அக்கலைச்சொற்களைத் தெளிந்த தமிழில் விளக்கிக் கொடுப்பது தமிழ்ப் பட்டதாரிகளாகிய எம்போன்றோரின் கடன். 1ஏபி தரம் கேட்டுப் பெற்றோரோடு சேர்ந்து மனுச் செய்வதும், மறுத்தால் மறுபடியும் செய்வதும் நம் அனைவரின் கடன்.

அடுத்த உயர்தர வகுப்புக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. கணிதம் கற்கத் தகுதியுள்ள பிள்ளைகள் எமது வகுப்புகளில் இப்பொழுதே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு பாடசாலையிலும் இவ்வாரமே தயாரிப்போம். பட்டியலைக் கையில் ஏந்திக்கொண்டு கல்விப் பணிமனையின் வாயிலுக்குச் செல்வோம், தோழர்களே!